ஸ்டெப்னி ஸ்ட்ரைக்கர்: ஒரு குட்டி வரலாறு



டிரான்ஸ்ஃபர் சீசன் வந்தாலே எங்கள் வகுப்பில் இருக்கும் சென்னையின் எஃப்.சி. ரசிகர்களுக்குள் சண்டை ஆரம்பித்துவிடும். முதல் ஸ்ட்ரைக்கர் யார் என்பதில் பெரிய தகராறு வராது. இரண்டாவது ஆள் யார் என்பதில்தான் அடிதடி. அதாவது முதல் ஆளுக்குக் கால் பிடித்துக்கொண்டால், சிவப்பு அட்டை வாங்கினால், இல்லை நாலு ஆட்டமாகக் கோலே அடிக்காமல் சொதப்பினால், பெஞ்சிலிருந்து எழுந்து வரவேண்டிய ஆள்.

இதில் மூன்று கட்சிகள் உண்டு. "அனுபவமுள்ள வெளிநாட்டுக்காரர் ஒருத்தரைக் கூட்டிட்டு வா" என்பது முதல் கட்சி. "வேறு கிளப்பில் சும்மா உட்கார்ந்திருக்கும் இந்திய ஸ்ட்ரைக்கரை ஜனவரியில் லோனில் வாங்கு" என்பது இரண்டாவது. "நம்ம ஊர்ப் பையனை ஆட விடுங்கப்பா" என்பது மூன்றாவது. மூன்று பேரும் அடுத்த சீசனில் என்ன நடக்கும் என்று ஜோசியம் சொல்கிறார்கள். ஏற்கனவே என்ன நடந்தது என்று பார்த்தால் என்ன? அதற்குத்தான் இந்தப் பதிவு. ஃபுட்பால் பார்க்காத நண்பர்களும் தைரியமாகப் படிக்கலாம். முன்வரிசையில் நின்று கோல் அடிப்பதையே முக்கிய வேலையாக வைத்திருப்பவர் ஸ்ட்ரைக்கர், அது தெரிந்தால் போதும்.

ஸ்டெப்னி வந்த கதை

முதலில் ஒரு கொசுறு. மாற்று டயரை நாம் எல்லோரும் ஸ்டெப்னி என்கிறோம் இல்லையா? அது ஒரு கம்பெனியின் பெயர். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில், 1904-ல் பிறந்த சரக்கு. அதற்கு முன்னால் கார்கள் மாற்றுச் சக்கரம் இல்லாமலேதான் வந்தன. நடுவழியில் பஞ்சர் ஆனால் அங்கேயே உட்கார்ந்து ஒட்ட வேண்டியதுதான்.

ஃபுட்பாலும் ரொம்ப காலம் அப்படித்தான் இருந்தது. பதினோரு பேர் இறங்கினால் அந்தப் பதினோரு பேர்தான். ஒருவருக்கு அடிபட்டால் நொண்டிக்கொண்டே ஆட வேண்டும், இல்லையென்றால் பத்து பேரோடு சமாளிக்க வேண்டும். இங்கிலாந்து லீக்கில் 1965-66 சீசனில்தான் ஒரே ஒரு மாற்று ஆட்டக்காரருக்கு அனுமதி கொடுத்தார்கள், அதுவும் காயம் பட்டால் மட்டும். உலகக் கோப்பையில் 1970-ல் வந்தது.

அப்படியானால் அதற்கு முன்பு மாற்று ஸ்ட்ரைக்கரே கிடையாதா? உண்டு. ஆட்டத்தின் நடுவில் இறங்க முடியாது, அடுத்த ஆட்டத்தில் இறங்கலாம். அந்த வகையில் 1962 ஒரு சூப்பரான வருடம்.

1962: பீலேவுக்குப் பதில் யார்?

சிலியில் நடந்த உலகக் கோப்பை. பிரேசிலின் இரண்டாவது ஆட்டம் செக்கோஸ்லோவாக்கியாவுடன். பீலேவுக்குத் தொடையில் தசை இழுத்துக்கொண்டது. மாற்று ஆளை இறக்க விதி இல்லாததால் பாவம், மனிதர் நொண்டிக்கொண்டே மைதானத்தில் நின்றார். ஆட்டம் 0-0. அதோடு அவருக்கு அந்த உலகக் கோப்பை முடிந்தது.

அடுத்த ஆட்டம் ஸ்பெயினுடன். பீலே இடத்தில் வந்தவர் அமரில்டோ. பிரேசில் 2-1 என்று ஜெயித்தது, இரண்டு கோலும் அமரில்டோ அடித்தவை. இறுதிப் போட்டியில் செக்கோஸ்லோவாக்கியா முதல் கோல் போட்டதும் சமன் செய்ததும் இதே அமரில்டோதான். 3-1 வெற்றி, பிரேசிலுக்குக் கோப்பை. அந்தத் தொடரின் நாயகன் காரிஞ்சா, சந்தேகமில்லை. ஆனால் உலகத்திலேயே பெரிய பஞ்சர் ஆனபோது பிரேசிலிடம் காற்று அடித்த டயர் ஒன்று தயாராக இருந்தது!

அதே 1962-ல் நம் ஆட்களும் ஒரு வேலை செய்தார்கள். ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. இந்தியாவின் தடுப்பாட்டச் சுவர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்தது. கோச் ரஹீம் சாகிப் அவரைப் பின்னால் நிறுத்தாமல், முன்னால் சென்டர் ஃபார்வர்டாகக் கொண்டுபோய் நிறுத்தினார். தையல் போட்ட தலையோடு ஆடிய ஜர்னைல் அரையிறுதியில் தெற்கு வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல், இறுதியில் தென்கொரியாவுக்கு எதிராக ஒரு கோல். 2-1 என்ற கணக்கில் தங்கம். ஆண்கள் ஃபுட்பாலில் ஆசியத் தங்கம் நமக்கு அதற்குப் பிறகு வரவே இல்லை.

நாலு வருடம் கழித்து, 1966-ல் இங்கிலாந்து. அவர்களுடைய கோல் மெஷின் ஜிம்மி கிரீவ்ஸுக்கு பிரான்ஸுடனான ஆட்டத்தில் காயம். அவர் இடத்தில் வந்தவர் ஜெஃப் ஹர்ஸ்ட், அந்த வருடம்தான் நாட்டு அணிக்கே அறிமுகமானவர். காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிரான ஒரே கோல் அவருடையது. இறுதியில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக ஹாட்ரிக். ஆண்கள் உலகக் கோப்பை இறுதியில் ஹாட்ரிக் அடித்தவர் என்ற பெருமையை 2022-ல் எம்பாப்பே வரும்வரை அவர் மட்டுமே வைத்திருந்தார்.

பதினைந்து மில்லியனும் ஒன்றரை மில்லியனும்

இப்போது வாங்கும் கதைக்கு வருவோம். 1996-ல் மான்செஸ்டர் யுனைடெட் ஆலன் ஷீரரை வாங்கத் துடித்தது. அவர் நியூகாசிலுக்குப் போய்விட்டார். விலை 15 மில்லியன் பவுண்டு, அன்றைய உலக சாதனை. யுனைடெட் அதே மாதம் நார்வேயின் மோல்டே கிளப்பிலிருந்து ஒரு பொடியனை 1.5 மில்லியனுக்கு எடுத்தது. பத்தில் ஒரு பங்கு விலை. பெயர் ஓலே குன்னார் சோல்ஷேர்.

1999 பிப்ரவரி 6, நாட்டிங்ஹாம் ஃபாரெஸ்டுடன் ஆட்டம். கடைசி இருபது நிமிடத்துக்குள் இறங்கி நாலு கோல் போட்டார். அதே வருடம் மே 26, பார்சிலோனாவில் சாம்பியன்ஸ் லீக் இறுதி. பயர்ன் மியூனிக் 1-0 என்று முன்னிலை. கூடுதல் நேரக் காயக் கணக்கில் ஷெரிங்காம் ஒன்று, சோல்ஷேர் ஒன்று. கோப்பை கை மாறியது. இரண்டு பேருமே பெஞ்சிலிருந்து இறங்கியவர்கள்! யுனைடெடுக்காக சோல்ஷேர் அடித்த 126 கோல்களில் 28 மாற்று ஆளாக இறங்கி அடித்தவை.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அவர் பெஞ்சிலேயே ஊறிக் கிடந்தவர் இல்லை. வந்த முதல் சீசனிலேயே லீக்கில் 18 கோல் அடித்து அணியின் முதல் ஆளாக இருந்தவர். அடிக்கடி ஆடிக்கொண்டே இருந்ததால்தான் கடைசி பத்து நிமிடத்தில் இறங்கினாலும் கால் சூடாக இருந்தது. இந்தப் பாயிண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

நம்ம சென்னைக் கதை

சரி, மேட்டருக்கு வருவோம்.

சென்னையின் எஃப்.சி. 2014-ல், ஐ.எஸ்.எல். தொடங்கியபோதே பிறந்த அணி. 2015-ல் முதல் கோப்பை. அந்த சீசனில் கொலம்பியாவின் ஸ்டீவன் மென்டோசா 13 கோல் அடித்துத் தங்கக் காலணி வாங்கினார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர் நிழலில் மிசோரத்தைச் சேர்ந்த ஜெஜே லால்பெக்லுவா 6 கோல் அடித்திருந்தார். ஐ.எஸ்.எல். வரலாற்றின் முதல் கோலை 2014-ல் கொல்கத்தாவுக்காக அடித்த எத்தியோப்பியாவின் ஃபிக்ருவும் அதே 2015 அணியில் இருந்தார். அதாவது மூன்று பேர். டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கி, சொந்த ஊர் அரையிறுதியைப் புனேவுக்குக் கொண்டுபோய் ஆட வேண்டி வந்தும் அணி உடையாமல் நின்றது.

2017-18-ல் இரண்டாவது கோப்பை. இந்த முறை ஜெஜேதான் முதல் ஆள், 9 கோல். கோவாவுடனான அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தில் 3-0. ஜெஜே இரண்டு, வியாசர்பாடி தனபால் கணேஷ் ஒன்று. பெங்களூருவில் நடந்த இறுதியில் 3-2 என்று வென்றபோது இரண்டு கோல் தடுப்பாட்டக்காரர் மைல்சன் ஆல்வஸ் தலையால் முட்டியவை. அன்று ஸ்ட்ரைக்கர் கோல் தேவைப்படவே இல்லை. ரசிகர்கள் குஷி. நிர்வாகத்துக்கும் அந்த நிம்மதி தொற்றிக்கொண்டதோ என்னவோ.

2018-19-ல் வந்தது வினை. அதே ஜெஜே, சீசன் முழுக்க ஒரே ஒரு லீக் கோல். 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி. நடப்புச் சாம்பியன் கடைசி இடம்! வெளிநாட்டு ஸ்ட்ரைக்கராக வந்த கார்லோஸ் சலோம் எடுபடவில்லை. ஜனவரியில் அவசர அவசரமாக சி.கே. வினீத்தைக் கேரளா பிளாஸ்டர்ஸிலிருந்து லோனில் கொண்டு வந்தார்கள். அதற்குள் லீக்கில் கப்பல் பாதி மூழ்கியிருந்தது.

இதில்தான் ஒரு சுவாரசியம். அதே ஜனவரி 6, ஆசியக் கோப்பையில் இந்தியா தாய்லாந்தை 4-1 என்று வென்றது. ஜெஜே அன்று பெஞ்சில். கிட்டத்தட்ட 78-வது நிமிடத்தில் இறங்கினார், 80-வது நிமிடத்தில் கோல். கிளப்பில் மொத்த சுமையையும் ஒற்றை ஆளாகத் தூக்கி ஒரு கோல் அடித்தவர், நாட்டுக்கு மாற்று ஆளாக இரண்டே நிமிடத்தில் ஒன்று அடித்தார். ஆள் ஒன்றுதான், வைத்த இடம்தான் வேறு. பின்னாளில் முழங்கால் காயம் அவரை முடக்கியது. (2023-ல் மிசோரத்தில் எம்.எல்.ஏ. ஆகிவிட்டார் என்பது கொசுறு நம்பர் 2.)

2019-20-ல் லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ். முதல் நாலு ஆட்டத்தில் அணிக்கு ஒரு கோல்கூட இல்லை. பிறகு பிடித்தது பேய் வேகம். 15 கோல், தங்கக் காலணி, இறுதிப் போட்டி வரை பயணம். 2020 மார்ச் 14-ல், கொரோனாவால் காலி மைதானத்தில், ஏ.டி.கே.விடம் 3-1 என்று தோற்றோம். நம் ஒரே கோலும் வால்ஸ்கிஸுடையதுதான். அடுத்த சீசனில் கோச் ஓவன் கோயல் ஜாம்ஷெட்பூர் போனார், வால்ஸ்கிஸும் பின்னாலேயே போனார். இங்கே என்ன ஆனது? 2020-21-ல் 20 ஆட்டத்தில் 17 கோல். 11 டிரா. எட்டாவது இடம். தோற்றது ஆறு ஆட்டம்தான், ஆனால் ஜெயித்தது மூன்றே மூன்று. ஒரு கோல் கூடுதலாக அடிக்க ஆள் இல்லாத அணியின் ஜாதகம் இப்படித்தான் இருக்கும்.

இப்போது மூன்று கட்சிகளையும் தராசில் வைப்போம்

முதல் கட்சி: வெளிநாட்டு அனுபவசாலி. ஐ.எஸ்.எல்.லில் 2014-ல் ஒரே நேரத்தில் 6 வெளிநாட்டவர் ஆடலாம். 2017-18-ல் அது 5 ஆனது, 2021-22-ல் 4 ஆனது. இடம் குறையக் குறைய ஒவ்வொரு வெளிநாட்டவரும் விலை உயர்ந்த சரக்காகிறார். அப்படிப்பட்ட ஒருவரைப் பெஞ்சில் உட்கார வைப்பது, ஒரு நல்ல தடுப்பாட்டக்காரரையோ நடுக்கள ஆட்டக்காரரையோ வேண்டாமென்று சொல்வதற்குச் சமம். போதாக்குறைக்கு, நன்றாக ஆடினால் வால்ஸ்கிஸ் மாதிரி அடுத்த வருடம் வேறு ஊர். கோவையை ஊராகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணியும் இதை அனுபவித்தது. 2018-19-ல் 21 கோல் அடித்து ஐ-லீக் பட்டத்துக்குத் தூக்கிச் சென்ற பெட்ரோ மான்சி 2020 தொடக்கத்தில் ஜப்பானுக்குப் போய்விட்டார்.

இரண்டாவது கட்சி: ஜனவரி லோன். வினீத் கதையே பதில். மோசமான ஆட்டக்காரர் இல்லை, வந்த நேரம் மோசம். பஞ்சர் ஆனபிறகு டயர் கடையைத் தேடுவது மாதிரி. எங்கள் திருவண்ணாமலையில் பௌர்ணமிக்கு சிறப்புப் பேருந்து விடுவார்கள். கிரிவலக் கூட்டம் பஸ் ஸ்டாண்டில் நிரம்பி வழிந்த பிறகா பஸ்ஸைத் தேடுகிறார்கள்? தேதி முன்னாலேயே தெரியும், முன்னாலேயே ஏற்பாடு. நீண்ட சீசனில் ஸ்ட்ரைக்கருக்குக் காயமோ சோர்வோ வருவதும் பௌர்ணமி மாதிரிதான், கட்டாயம் வரும்.

மூன்றாவது கட்சி: உள்ளூர் இளைஞர். இதற்கான சிறந்த உதாரணம் சென்னையில் இல்லை, பெங்களூருவில் இருக்கிறது. வயிற்றெரிச்சல்தான், என்ன செய்ய!

காரைக்குடி பக்கம் கண்டனூரில் பிறந்தவர் சிவசக்தி நாராயணன். இந்தியாவுக்கு ஆடிய தமிழ்நாட்டு ஸ்ட்ரைக்கர் ராமன் விஜயன் நடத்தும் பள்ளியில் தேறி, பெங்களூரு எஃப்.சி.க்குப் போனவர். 2022 செப்டம்பரில் டூரண்ட் கோப்பை இறுதி, மும்பை சிட்டிக்கு எதிராக முதல் கோல் அவருடையது. 2-1, கோப்பை பெங்களூருவுக்கு. அந்த ஐ.எஸ்.எல். சீசனில் அவர் 6 கோல் அடித்து, வளரும் வீரர் விருதும் வாங்கினார். பெங்களூரு தொடர்ச்சியாக 8 ஆட்டம் ஜெயித்தபோது முன்வரிசையில் சிவசக்தியும் ஃபிஜியின் ராய் கிருஷ்ணாவும். பெஞ்சில் யார் தெரியுமா? சாட்சாத் சுனில் சேத்ரி!

ஆம், இந்திய கேப்டன்தான் ஸ்டெப்னி. 2023 மார்ச் 3-ல் கேரளாவுக்கு எதிராகப் பெஞ்சிலிருந்து வந்து கூடுதல் நேரத்தில் அந்த சர்ச்சைக்குரிய ஃப்ரீகிக் கோலை அடித்தார். கேரளா அணி மைதானத்தை விட்டே வெளியேறியது. மார்ச் 7-ல் மும்பையில் நடந்த அரையிறுதியில் மறுபடி பெஞ்சிலிருந்து வந்து ஒரே கோல். மார்ச் 18 இறுதிப் போட்டி. ஆரம்ப நிமிடங்களிலேயே சிவசக்திக்குக் காயம். அவருக்குப் பதில் இறங்கியவர் சேத்ரி. ஒரு பெனால்டி கோலும் போட்டார். 2-2 என்று முடிந்து பெனால்டி ஷூட்அவுட்டில் பெங்களூரு தோற்றது வேறு விஷயம். கண்டனூர்ப் பையனுக்கு ஸ்டெப்னியாக இந்தியாவின் மிகப் பெரிய கோல் வீரர் என்பதை யோசித்துப் பாருங்கள். மூத்தவர் விலகி உட்கார்ந்ததால் இளையவருக்கு இடம் கிடைத்தது, இளையவர் ஓடியதால் மூத்தவர் கடைசி அரைமணி நேரத்துக்குத் தெம்பாக இருந்தார்.

இது வெறும் கிளப் சண்டை இல்லை

ஐ.எஸ்.எல். தொடங்கிய 2014-லிருந்து 2024-25 வரை 11 சீசன். அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை ஒரு முறைகூட ஒரு இந்தியர் வாங்கவில்லை. 2024-25-ல் இந்தியர்களில் அதிகம் அடித்தவர் சேத்ரி, 14 கோல், வயது 40. 2024 ஜூனில் 94 சர்வதேச கோல்களோடு நாட்டு அணியிலிருந்து ஓய்வு பெற்றவரை 2025 மார்ச்சில் திரும்பக் கூப்பிட்டார்கள். வந்தார், மாலத்தீவுக்கு எதிராக உடனே ஒரு கோலும் அடித்தார். கைதட்டினோம். ஆனால் 40 வயதுக்காரரைக் கூப்பிட வேண்டிய நிலை எதனால் வந்தது?

எல்லா கிளப்பும் முதல் ஸ்ட்ரைக்கர் நாற்காலியை வெளிநாட்டவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஜெயிக்கத்தானே பணம் போடுகிறார்கள். மிச்சம் இருக்கும் ஒரே நாற்காலி இந்த இரண்டாவது நாற்காலி. ஒரு இந்தியப் பையன் ஸ்ட்ரைக்கராக வளர வேண்டுமென்றால் அவனுக்குத் திறந்திருக்கும் வாசல் அது ஒன்றுதான். அதையும் 34 வயது வெளிநாட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டால் அவன் விங்கில் ஓடப் போவான், இல்லையென்றால் வேலை தேடப் போவான். சென்னையின் அணியே 2023-ல் பெங்களூரு யுனைடெட் கிளப்பிலிருந்து இர்ஃபான் யாத்வாட் என்ற இளைஞரை எடுத்தது. ஆட விட்டார்கள், 2024 நவம்பரில் இந்திய அணிக்கே போனார். ஆக, முடியாத காரியம் இல்லை.

என் தீர்ப்பு

என் ஓட்டு மூன்றாவது கட்சிக்கு. ஆனால் ஒரு நிபந்தனையோடு. சும்மா பெயருக்கு ஒரு பையனைச் சேர்த்துப் பெஞ்சில் உட்கார வைத்து, 88-வது நிமிடத்தில் நேரம் கடத்த இறக்கினால் அவன் தேறவே மாட்டான். இப்போது ஐந்து மாற்று ஆட்டக்காரர்கள் வரை இறக்கலாம். 2020-ல் கொரோனாவுக்காகத் தற்காலிகமாக வந்து 2022-ல் நிரந்தரமான விதி. மூன்றாக இருந்தபோது சொன்ன "இடமில்லை" என்ற சாக்கு இனி செல்லாது. ஒவ்வொரு ஆட்டத்திலும் அரைமணி நேரம், கோப்பைப் போட்டிகளில் முழு ஆட்டம் என்று கணக்குப் போட்டு ஓட விட வேண்டும்.

அமரில்டோ, ஹர்ஸ்ட், சோல்ஷேர், சிவசக்தி எல்லோரும் சொல்வது ஒன்றுதான். லாரி டிரைவர் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்: ஸ்டெப்னியை வருடக்கணக்கில் கழற்றாமல் வைத்திருந்தால் தானாகவே காற்று இறங்கிவிடும். தேவைப்படும் அன்று நட்டைக் கழற்றி மாட்டிப் பார்த்தால் அதுவும் பஞ்சர் டயர் மாதிரியே தரையில் உட்காரும். நல்ல டிரைவர் நடுநடுவே சக்கரத்தை மாற்றி மாற்றி ஓட்டுவார்.

எங்கள் வேங்கிக்காலிலிருந்து சென்னை நேரு ஸ்டேடியம் ஏறக்குறைய 190 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் பஸ்ஸில் போய், கடைசி அரைமணியில் நம் மாவட்டத்துப் பையன் ஒருத்தன் சட்டையைச் சரிசெய்துகொண்டு கோட்டருகே நிற்பதைப் பார்க்க வேண்டும். கோல் அடித்தால் போனஸ் :)

நீங்கள் எந்தக் கட்சி? காரணத்தோடு சொல்லுங்கள், சண்டை போடுவோம்!